ராத்தங்க ஒரு கூரை

திருச்செந்தூர் கோவிலைத் தாண்டி, கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே நடந்தால் குலசேகரப்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி என்று ஊர்கள் வரிசையாக வரும். எல்லாம் சேர்த்து நாற்பது கிலோமீட்டர் போல. ஒரு பக்கம் அலை, மறு பக்கம் தேரிக்காட்டின் சிவப்பு மணல், பனை, உடைமரம். அவசரப்படாமல் மூன்று நாளில் நடந்துவிடலாம். அலை வடிந்த நேரத்தில் ஈர மணலில் நடந்தால் கால் புதையாது. பத்து மணிக்கு மேல் வெயிலில் நடக்கக் கூடாது. இந்த மாதிரி விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது சுலபம். கஷ்டமான கேள்வி ஒன்றுதான்: ராத்திரி எங்கே படுப்பது?

அலுவலகத்தில் ஐந்து பேர் சேர்ந்து போட்ட திட்டம் இது. மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள், யாருக்கும் யாரோடும் கல்யாணம் ஆகவில்லை. தங்குமிடம் பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரணம், நான் 'அந்தப் பக்கத்துக்காரன்'. என் ஊர் வாசுதேவநல்லூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். கடலுக்கும் எங்களுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது என்று சொன்னால் பெங்களூர்க்காரர்கள் யாரும் கேட்பதில்லை.

செயலியைத் திறந்து பார்த்தேன். திருச்செந்தூரில் அறைகள் கொட்டிக் கிடக்கின்றன. அடுத்த கொத்து கன்னியாகுமரியில். நடுவில் ஏறக்குறைய வெறும் மணல். அந்த வெற்றிடம்தான் எனக்கு உறுத்தியது. ஏனென்றால் இந்தக் கரையில் ஜனங்கள் நடக்காத நூற்றாண்டே கிடையாது. முருகனுக்கு நடந்தார்கள், மாதாவுக்கு நடந்தார்கள், உப்புக்கும் கருவாட்டுக்கும் கருப்பட்டிக்கும் நடந்தார்கள். அவர்கள் எல்லாரும் எங்கேதான் படுத்தார்கள்?

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து இன்றும் பச்சை உடை உடுத்தி, கூட்டம் கூட்டமாகத் திருச்செந்தூருக்கு நடந்து போகிறார்கள். ஆச்சியும் வாலிபத்தில் போனவள்தான். போனில் கேட்டேன்.

"சங்கரன்கோவில்ல ஒரு மடம். திருநெல்வேலில ஒரு மண்டபம். ஆழ்வார்திருநகரி தாண்டி ஒரு வீட்டுத் திண்ணை. அதெல்லாம் நாங்களா பாத்துப் பிடிச்சோம்? முன்ன போனவங்க சொல்லிவச்ச எடம்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "எய்யா, எங்க படுக்கன்னு கேக்காத. யாரு படுக்க விடுவான்னு கேளு" என்றாள்.

அன்றைக்கு அறை தேடுவதை விட்டுவிட்டு, ஆச்சியின் அந்தக் கேள்வியைத் தேட ஆரம்பித்தேன்.

*

வரைபடத்தில் முதலில் கண்ணில் படுவது ஊர்ப் பெயர்கள். தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் பாவூர்சத்திரம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி. பழநி போகும் வழியில் ஒட்டன்சத்திரம். காஞ்சிபுரம் பக்கம் பாலுசெட்டிசத்திரம், சுங்குவார்சத்திரம். தஞ்சாவூர்க் கடற்கரையில் சேதுபாவாசத்திரம். சத்திரம் முதலில் வந்து, பிறகு அதைச் சுற்றி ஊர் வளர்ந்த இடங்கள் இவை. பஸ் நடத்துநர் ஒரு நாளில் நூறு தடவை கூவுகிற இந்தப் பெயர்களுக்குள் யாரோ ஒருவர் நடந்து களைத்து உட்கார்ந்த கதை இருக்கிறது.

தெற்கே சத்திரம் என்றதும் ஜனங்கள் சொல்லும் பெயர் மங்கம்மாள். 1689 முதல் பேரனுக்காக மதுரை நாயக்க அரசை நடத்தியவர். பதினெட்டாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளில் அவர் ஆட்சி முடிந்தது. நிழல்மரம் நட்ட பழைய சாலைகளுக்கு இந்தப் பக்கத்தில் இன்றும் 'மங்கம்மா சாலை' என்றுதான் பேச்சு. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. சாலை, மரம், கிணறு, சத்திரம் நான்கும் ஒரே திட்டம். நடக்கிற மனுஷனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் முடியும், எங்கே தாகம் எடுக்கும், எங்கே இருட்டும் என்று யோசித்து வடிவமைத்த ஒரு ஏற்பாடு. நம் தொழிலின் பாஷையில் சொன்னால், உள்கட்டமைப்பு.

சாலையோரச் சுமைதாங்கிக் கல்லும் இந்த ஏற்பாட்டில் ஒரு பகுதிதான். இரண்டு நட்டகல், மேலே ஒரு குறுக்குக் கல், ஆள் உயரம். தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கலாம், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை பெறாமல் கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக, வழிப்போக்கன் சுமையை இறக்க ஒரு கல்.

ஆனால் சத்திரம் கல்லைப் போல நட்டுவிட்டுப் போகிற விஷயம் இல்லை. தினமும் உலை வைக்க வேண்டும். அதற்கு ராஜாக்கள் கண்ட வழி, கிராமங்களை எழுதிவைப்பது. இன்ன ஊர் நிலத்தின் வருமானம் இன்ன சத்திரத்துக்கு. நெல் அங்கே விளையும், சோறு இங்கே வேகும். ராமேசுவரம் போகும் சேது சாலையில் சேதுபதிகளும் தஞ்சை மராத்தியர்களும் இப்படித்தான் சங்கிலியாகச் சத்திரங்கள் நடத்தினார்கள். தஞ்சைச் சத்திரங்களில் பல கடலோரத்தை ஒட்டி இருந்தன. காசியிலிருந்து வருகிறவனுக்கு ராமேசுவரம் போய்ச் சேர அதுதான் வழி.

1799இல் தஞ்சை ராஜ்யம் ஏறக்குறைய முழுசாகக் கும்பினியிடம் போய்விட்டது. இரண்டாம் சரபோஜி கோட்டைக்குள் மட்டும் ராஜா. 1801இல் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களுக்கு எழுதிவைத்த கிராமங்களை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்கும் கடிதம். ராஜ்யம் போன பிறகு ஒரு ராஜா எதற்காகக் கெஞ்சினார் என்று பார்த்தால், அது சத்திரத்துக்காக. சத்திரத்தில் என்னவெல்லாம் நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். எல்லாச் சாதியாருக்கும் பரதேசிகளுக்கும் சோறு உண்டு. சமைத்ததைச் சாப்பிட மாட்டோம் என்கிறவர்களுக்கு அரிசியும் சாமானும். நோயில் படுத்த பயணிக்கு வைத்தியம், செத்துப்போனால் அவரவர் முறைப்படி கடைசிக் காரியம். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று அறிவிப்பார்களாம்.

இதை முதலில் படித்தபோது அந்த நடுராத்திரி மணி எனக்குள் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் அடுத்த தடவை படித்தபோது வேறொன்று தெரிந்தது. 'சமைத்ததைச் சாப்பிட மாட்டோம் என்கிறவர்கள்.' ஒரே கூரைதான். ஆனால் கூரைக்குக் கீழே கோடு இருக்கிறது.

*

சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குக் கிளம்பி, அடுத்த ஆண்டு செப்டம்பரில் திரும்பி வந்தார். கூடவே நூறு பேர் போல. தெலுங்கில் அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு, அவர் இறந்த பிறகு 1838இல் புத்தகமாக வந்தது. ஒவ்வொரு தங்கலிலும் சத்திரம் உண்டா, தண்ணீர் எப்படி, கடைகள் இருக்கிறதா, சாமான் கிடைக்குமா என்று எழுதிக்கொண்டே போகிறார். நட்சத்திரக் குறி மட்டும்தான் போடவில்லை. அடுத்து வருகிறவனுக்குத் தகவல் சேர்த்து வைக்க வேண்டும் என்கிற அந்த அக்கறை நமக்கு நன்றாகப் பழக்கமானது.

ஆனால் அவருக்கு முன்னால் எல்லா வாசலும் திறந்தது. பிராமணர், கோர்ட் உத்தியோகஸ்தர், கூடாரமும் ஆள்படையும் கொண்டவர். அவருடைய கேள்வி 'எங்கே தங்கலாம்?' என்பது. ஆச்சியின் கேள்வி அவருக்கு வந்திருக்கவே வேண்டியதில்லை.

அது வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? மலைக்கு அந்தப் பக்கம், செங்கோட்டையில் தொடங்கும் திருவிதாங்கூரில், அரசாங்கச் செலவில் ஊட்டுப்புரைகள் நடந்தன. இலவசச் சாப்பாடு, பிராமணர்களுக்கு. (செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இன்னொரு ராஜ்யம்.) வட்டாரம் வட்டாரமாக இப்படிச் சாதி பார்த்த சத்திரங்கள் உண்டு. சிலவற்றில் உள்ளே இரண்டு பந்தி. சிலவற்றில் உள்ளேயே விட மாட்டார்கள். பெரியார் 1904இல் காசிக்குப் போனபோது அன்னசத்திரத்தில் பிராமணரல்லாதார் என்று தள்ளிவிடப்பட்டதும், பசி தாங்காமல் எச்சில் இலையில் மிஞ்சியதைச் சாப்பிட்டதும் அவர் வரலாற்றை எழுதிய எல்லாரும் சொல்கிற சம்பவம். அந்தச் சத்திரத்தைக் கட்டியவரே பிராமணரல்லாதார்தான் என்பதுதான் அவரை அதிகம் சுட்டதாம்.

திண்ணையும் அப்படித்தான். 'அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு திண்ணை, யார் வேண்டுமானாலும் படுக்கலாம்' என்று ஏக்கமாகச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்தத் தெருவில் உள்ள திண்ணை, எந்தத் தெருவுக்குள் யார் நடக்கலாம் என்ற கேள்வியை அந்த ஏக்கம் சேர்த்துச் சொல்வதில்லை. தெருவுக்குள்ளேயே நடக்க முடியாதவனுக்குத் திண்ணை எதற்கு?

*

பூட்டிய வாசலுக்கு முன்னால் நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை. தென்மாவட்டத்து வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இடம் கிடைக்காதவர்கள் இடம் கட்டிக்கொண்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேரிக்காட்டுப் பனைநாட்டிலிருந்து நாடார் வியாபாரிகள் கருப்பட்டி, கருவாடு மாதிரி சரக்குகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போனார்கள். வழியில் கள்வர் பயம். மற்றவர்களுடைய சத்திரத்தில் இடமும் கிடையாது. அதனால் வழியிலேயே 'பேட்டை' கட்டினார்கள். சுற்றுச்சுவர், ஒரு பெரிய கதவு, உள்ளே கிணறு, வண்டியும் மாடும் சரக்கும் ராத்திரி பத்திரமாக நிற்க இடம். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி என்று பேட்டைகள் வந்தன. பேட்டையை நடத்த, வியாபாரத்தில் ஆளுக்கு ஒரு சிறு பங்கு. அதற்குப் பெயர் மகமை. 1969இல் ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார்களைப் பற்றி எழுதிய ஆய்வு நூலில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. ராத்தங்க இடமில்லாத வண்டிக்காரர்கள் போட்ட அந்தச் சில்லறைதான் பின்னால் பள்ளிக்கூடமாயிற்று. விருதுநகரில் காமராஜர் படித்தது அப்படிப்பட்ட பள்ளியில்தான்.

இன்னொரு பதில் கடற்கரைக்குத் தெற்கிலிருந்து வந்தது. 1833 மாசியில், நோயில் கிடந்த முத்துக்குட்டி என்ற இளைஞரை அவர் அம்மா திருச்செந்தூர்த் திருவிழாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே கடலுக்குள் போனவர் வைகுண்டராகத் திரும்பினார் என்பது அய்யாவழி மரபு. திருவிதாங்கூரில் அவருடைய ஜனங்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, பெண்கள் மேலே துணி போடக் கூடாது, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. அவர் வழியில் வந்தவர்கள் ஊருக்கு ஊர் ஒரு சின்ன இடம் கட்டினார்கள். அதற்குக் கோவில் என்று பெயர் வைக்கவில்லை. நிழல் தாங்கல் என்று வைத்தார்கள். உள்ளே சிலை இல்லை. ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் கும்பிட வேண்டும். எல்லாரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். சாமிதோப்பில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, முத்திரிக் கிணறு. 'தாங்கல்' என்ற சொல்லைச் சுமைதாங்கியோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஒரு மதம் தன் வழிபாட்டு இடத்துக்குத் தங்குமிடத்தின் பெயரை வைத்திருக்கிறது. அதற்கு எது குறைவாக இருந்தது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் நடக்கப் போகும் கரையிலேயே இன்னும் சில கூரைகள் உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராக நடந்தவர். மணப்பாட்டில் கடலைப் பார்த்த பாறைக் குகையில் அவர் தங்கினார் என்று இன்றும் காட்டுகிறார்கள். ராபர்ட் கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து நீலகிரி வழியாக, பெரும்பாலும் நடந்தே வந்து, உவரிக்குப் பக்கத்தில் உள்ள இடையன்குடியில் சேர்ந்தார். நம் மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் எழுதியவர், அதற்கு முன்னால் அந்த மொழிகள் பேசும் ஜனங்களின் ஊர்களைக் காலால் அளந்திருக்கிறார். உவரி அந்தோனியார் கோவிலிலும், நம்பியாறு கடலில் சேரும் இடத்தில் உள்ள ஆத்தங்கரைப் பள்ளிவாசலிலும், நோய் தீரவென்று வந்து நாள்கணக்கில் படுத்துக் கிடக்கிறவர்களில் எல்லா மதத்தினரும் உண்டு. வேறெங்கும் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு ஒரு கூரை. செயலி இவற்றைக் காட்டாது. இவற்றுக்கு வாடகை இல்லை.

*

ரயில் வந்ததும் ஏற்பாடு மாறியது. மலையைக் குடைந்து செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு 1904இல் ரயில் ஓடியது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923இல் வந்தது. ரெண்டு நாள் நடை ரெண்டு மணி நேரமாயிற்று. நடுவழிச் சத்திரத்துக்கு வேலை போய்விட்டது. சத்திரச் சொத்துகள் ஏற்கெனவே 1817ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டப்படி வருவாய் வாரியத்தின் கண்காணிப்புக்குள் வந்திருந்தன. பின்னால் பல சத்திரங்கள் பள்ளிக்கூடமாகின, அலுவலகமாகின, இடிந்தும் போயின. பயணத்தின் நடுவில் இருந்த தங்குமிடம் பயணத்தின் முடிவுக்கு நகர்ந்தது. திருச்செந்தூரிலும் பழநியிலும் ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு மடம், ஒரு மண்டபம், ஒரு விடுதி எழுந்தது அப்படித்தான். பேட்டையின் அதே தர்க்கம். நம்மை யாரும் விடவில்லை, நமக்கு நாமே கட்டிக்கொள்வோம். நியாயமான தர்க்கம்தான். ஆனால் எல்லாச் சமுதாயத்துக்கும் கட்டக் காசு இருந்ததா? கட்டிய பிறகு, வாசலில் நின்று யாரை உள்ளே விடவில்லை?

அந்தக் கேள்வி சட்டசபைக்கும் போனது. பொதுச் சாலை, கிணறு, பொது இடங்களில் ஒடுக்கப்பட்டோர் நுழையத் தடை கூடாது என்று இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1938இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம். பிறகு அரசமைப்பின் 15ஆம் பிரிவு ஓட்டலையும் கிணற்றையும் குளத்தையும் சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி போய்த் தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று ஒவ்வொன்றாக எழுதியது. ஒரு சட்டம் இவ்வளவு துல்லியமாகப் பட்டியல் போடுகிறது என்றால், அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வாசலிலும் யாரோ நின்று திரும்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் அம்பேத்கர். 1917இல் கொலம்பியாவில் படித்துவிட்டு வந்து பரோடா சமஸ்தானத்தில் வேலையில் சேர்ந்தவருக்கு ஊரில் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில், பார்சி என்று பெயர் கொடுத்துத் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. பின்னால் அவரே இதை எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936இல் ஒரு கையேடு போட ஆரம்பித்தார். கறுப்பினத்தவர் காரில் பயணம் போனால் எந்த ஊரில் எந்த விடுதி அறை தரும், எந்தக் கடை சோறு தரும் என்ற பட்டியல். பச்சைப் புத்தகம் என்று பெயர். முப்பது ஆண்டுகளுக்கு அது தேவைப்பட்டது. ஆச்சி சொன்ன 'முன்ன போனவங்க சொல்லிவச்ச எடம்' அச்சில் ஏறினால் அதுதான்.

*

லாட்ஜ் இந்த வரலாற்றுக்குள் எப்படி வருகிறது? குற்றாலத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அது சின்ன வயதிலேயே தெரியும். ஜூன் மாதம் சாரல் அடிக்க ஆரம்பித்தால் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் "ரூம் வேணுமா ரூம் வேணுமா" என்று நாலு பேர் சூழ்ந்துவிடுவார்கள். ஒரு காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்து வெள்ளைக்கார அதிகாரிகள் வந்து பங்களாவில் தங்கிக் குளித்த ஊர். இப்போது யார் வேண்டுமானாலும் காசு கொடுத்தால் அறை. சீசனுக்கு ஒரு ரேட், சனி ஞாயிறுக்கு ஒரு ரேட். கொள்ளை விலைதான். இருந்தாலும் அந்தக் கூவலில் ஒரு சுதந்திரம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ரூம் வேணுமா என்று மட்டும்தான் கேட்டார்கள். நீ யார் என்று கேட்கவில்லை. தர்மம் தராத சமத்துவத்தைச் சில இடங்களில் வியாபாரம் தந்திருக்கிறது. இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

முழு உண்மை இல்லை. எங்கள் மூன்று ராத்திரிக்காக நான் போன் போட ஆரம்பித்தபோது ஒரு விரிதாள் வைத்துக்கொண்டேன். தொழில் புத்தி. ஊர், தூரம், வாடகை, கழிப்பறை, தண்ணீர் என்று பத்திகள். மூன்றாவது போனுக்குப் பிறகு இன்னொரு பத்தி சேர்த்தேன்: 'கேட்ட முதல் கேள்வி'.

ஒரு லாட்ஜில் முதல் கேள்வி, "ஃபேமிலியா, பேச்சிலரா?" ஐந்து பேர், கலந்து என்றேன். வைத்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில், "லேடீஸ் யாருக்குச் சொந்தம்?" சட்டப்படி வயதுவந்த, வருமான வரி கட்டுகிற இரண்டு பெண்கள், அந்தக் கேள்வியில் யாருடைய சொந்தமாகவாவது ஆக வேண்டியிருந்தது. அவர்களில் ஒருத்தி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். "என் பேர்லதான் பேங்க் லோனே இருக்கு, நான் யாருக்குச் சொந்தம்னு பேங்க்க கேளுங்க" என்றாள். எதிர்முனையில் பதில் இல்லை.

பெரியப்பா ஒரு மடத்தின் நம்பர் தந்தார். எங்கள் ஆட்களுடையது. சுத்தமான இடம், கடல் பார்த்த மாடி, வாடகை பேருக்குத்தான். "நான் சொன்னேன்னு சொல்லு, மறுக்க மாட்டாங்க" என்றார். போன் எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் கேட்டுவிட்டு, "கூட வாரவங்களும் நம்ம ஆளுங்கதானே தம்பி?" என்றார்.

எங்கள் குழுவில் ஒருவனுக்குத் திருச்செந்தூரில் மடம் கிடையாது. அவன் ஆட்களுக்கு எந்தக் காலத்திலும் மடம் கட்டுகிற அளவு நிலமும் காசும் இருந்ததில்லை. அவன் அப்பா அந்த ஊருக்கு வந்தால் கடற்கரை மணலில் படுத்து எழுந்து போவாராம். இதை அவன் புகாராகச் சொல்லவில்லை. "மணல் நல்லாத்தான் இருக்கும்டா, காத்து வரும்" என்று ஒரு தகவலாகச் சொன்னான். நான் அந்த மடத்தின் வரிசையில் 'வேண்டாம்' என்று போட்டேன். பெரியப்பாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்து, கடைசியில் உள்ளதையே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "காலம் அப்படி இருக்கு, அவங்க அப்படித்தான் கேப்பாங்க" என்றார். பிறகு, "சரி, வேற பாரு" என்றார்.

அந்த மடத்தை நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுடைய தாத்தாக்கள் வேறு யாருடைய வாசலிலோ நின்றவர்கள். அதனால்தான் கட்டினார்கள். என் கவலை வேறு. இந்த வரலாற்றில் ஒவ்வொரு கூரையும் ஒரு பூட்டிய கதவுக்குப் பதிலாக எழுந்திருக்கிறது. எழுந்த சில தலைமுறையில் அதற்கும் ஒரு கதவு வந்திருக்கிறது. கட்டியவர்களின் வலி பேரன் காலத்தில் பூட்டாகிவிடுகிறது. கதவே வைக்காமல் விட்டவர்கள் சிலர்தான் இருக்கிறார்கள், சுமைதாங்கி நட்டவர்கள் மாதிரி.

தை மாதம் கிளம்புகிறோம். முதல் ராத்திரி திருச்செந்தூர் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு சாதாரண லாட்ஜ். கடல் தெரியாது, கொசு உண்டு. ரெண்டு அறை. கேட்ட முதல் கேள்வி, "ஆதார் எத்தன பேருகிட்ட இருக்கு?" அஞ்சு பேரிடமும் என்றதும், "வாங்க" என்றார். ரெண்டாவது ராத்திரி மணப்பாட்டில் ஒரு மீனவர் வீடு. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம் கிடைத்தது. மாடியில் பாய் போட்டுத் தருவார்கள். ராத்திரிச் சாப்பாட்டோடு ஆளுக்கு இவ்வளவு என்று பேசி, அவர்கள் கேட்டதைவிடக் கூடவே கொடுப்பதாக முடிவு. மூன்றாவது ராத்திரி உவரியில் தங்காமல் வெள்ளன நடந்து சேர்ந்துவிட்டு, மத்தியான பஸ் பிடித்துத் திசையன்விளை வழியாகத் திருநெல்வேலி போய்விடலாம் என்று ரெண்டு பேர் சொல்கிறார்கள். அந்தோனியார் கோவிலில் படுக்கலாம் என்று ரெண்டு பேர். இன்னும் ஓட்டெடுப்பு முடியவில்லை.

நீங்களும் அந்தக் கரையில் நடக்கத் திட்டம் போட்டால் என் விரிதாளைத் தருகிறேன். வாடகையும் தூரமும் மாறிவிடும், அதை நம்ப வேண்டாம். அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் நீங்களும் நிரப்பிக்கொண்டே போங்கள். அடுத்து வருகிறவருக்கு அதுதான் உபயோகப்படும். மணப்பாட்டு வீட்டுக்கு நேராக நான் எழுதி வைத்திருப்பது, அந்த அம்மா போனை எடுத்ததும் கேட்டது:

"அஞ்சு பேரும் மீன் திம்பீங்களா?"